பத்தே மாதத்தில் பிரேக் போன புது பிக்கப்... கைகொடுத்த கணக்கு நோட்டு!

அதிகாலை ஐந்தரை மணி. கேத்தியில் கேரட் மூட்டைகளை ஏற்றிய பிக்கப் ஒன்று, குன்னூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி வாங்கிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. ஓடியது 21,000 கிலோமீட்டர். ஓட்டுநர்தான் உரிமையாளர். பக்கத்து சீட்டில், மூட்டை ஏற்றி இறக்க உதவிக்கு வரும் மச்சினன்.

பர்லியாருக்கு முன்னால் ஒரு வளைவு. ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தார். வழக்கமாகப் பாதியிலேயே பிடித்துக்கொள்ளும் பெடல், பஞ்சை மிதித்ததுபோல அடிவரை போனது. வண்டியின் வேகம் குறையவே இல்லை.

காலை எடுத்து மறுபடி மிதித்தார். அப்போதும் அடிவரை போனது. மூன்றாவது, நான்காவது முறை வேகவேகமாக மிதித்தபோது, லேசாக ஒரு பிடிப்பு தெரிந்தது. மூன்றாவது கியரில் இருந்த வண்டியை இரண்டாவதுக்கு இழுத்தார். இன்ஜின் அலறியது, வேகம் கொஞ்சம் அடங்கியது. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தூக்கினார். அந்த இடத்தில் மலைச்சரிவு இடப்பக்கம் இருந்தது அவர்களின் நல்ல நேரம். வண்டியின் இடது பக்கத்தை மண் மேட்டில் உரசவிட்டு நிறுத்தினார். மச்சினன் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். முன்பக்க இடது சக்கரத்திலிருந்து புகையும் தீய்ந்த வாடையும் வந்துகொண்டிருந்தன.

யாருக்கும் காயம் இல்லை. ஆனால், அந்தக் குடும்பத்துக்கு உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்த பிரேக்

முக்கால் மணி நேரம் கழித்து, ஓட்டுநர் சும்மா பெடலை மிதித்துப் பார்த்தார். கல்லுபோலப் பிடித்தது. நின்றுபோன பிரேக், தானாகவே திரும்பி வந்திருந்தது!

"மாமா, பிரேக்குதான் வந்துருச்சுங்களே. பையப் போயிரலாம். மண்டில ஏலம் முடிஞ்சுரும்" என்றார் மச்சினன்.

ஓட்டுநருக்கும் அந்த எண்ணம் வந்தது. மாதம் 18,600 ரூபாய் டியூ. முன்பணத்துக்காக அடகு வைத்த மனைவியின் நகை இன்னும் வங்கியில் இருக்கிறது. ஒரு நாள் லோடு போனால், அந்த வாரக் கணக்கே இடிக்கும். வீட்டுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்ட மனைவி சொன்னது ஒன்றுதான்.

"ஏனுங்க, கேரட்டு போனாப் போவுது. அந்த வண்டில நீங்க ஒரு அடி இறங்கக் கூடாது. வேற வண்டிக்கு மாத்தி உடுங்க."

மூட்டைகள் வேறொரு பிக்கப்புக்கு மாறின. அன்றைய வாடகை கைக்கு வரவில்லை. ஆனால், அந்தப் பேச்சைக் கேட்டதால்தான் அவர் வீடு வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம். காரணம், இப்படி 'திரும்பி வரும்' பிரேக் அடுத்த சில வளைவுகளிலேயே மறுபடியும் கைவிடக்கூடியது.

140 லிட்டர் தண்ணீர் கொதிக்கும் சூடு

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில். லோடோடு சேர்த்து 3 டன் எடையுள்ள ஒரு பிக்கப், இந்த 1,500 மீட்டர் உயரத்தை இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் மொத்தத்தையும் சூடாக மாற்றினால், சுமார் 140 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அந்தச் சூட்டை இன்ஜினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கியரைக் குறைத்து இறங்கினால் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். பெரிய கியரில் இறங்கினால், எல்லாம் நான்கு சக்கரங்களின் பிரேக் மீது விழும்.

பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். நாம் பெடலை மிதிக்கும்போது, அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் என்றால், புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். டாட் 4 என்றால் 230 டிகிரி. ஆனால், இந்த ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் சேரச் சேரத் தாங்கும் அளவு குறையும். ஈரம் சேர்ந்த நிலையில் டாட் 3-க்கு விதிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 155.

சூடு அதைத் தாண்டினால், குழாய்க்குள் ஆயில் கொதித்துக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் அடிவரை போகும், சக்கரம் நிற்காது. சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடலும் பழையபடி ஆகிவிடும். பர்லியார் வளைவில் நடந்தது இதுதான். விடாமல் மிதித்தபோது லேசாகப் பிடித்ததற்கும் காரணம் இருக்கிறது. பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் ஓடும்படிதான் இப்போதைய வண்டிகள் செய்யப்படுகின்றன. ஒன்று கைவிட்டாலும் மற்றொன்றில் கொஞ்சம் பிடிப்பு மிச்சம் இருக்கும்.

இதில் உள்ள ஆபத்து, தடயம் எதுவும் மிஞ்சாது என்பது. மறுநாள் யார் சோதித்தாலும் பிரேக் நன்றாகவே இருக்கும்.

"நல்லாத்தானே இருக்கு சார்?"

அப்படித்தான் ஆனது. இழுவை வண்டியில் கட்டிக் கொண்டுபோன பிக்கப்பை, சர்வீஸ் சென்டரில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு. லோடு அதிகமா ஏத்தியிருப்பீங்க. இல்லைன்னா பிரேக்லயே கால வெச்சு இறங்கியிருப்பீங்க" என்றார்கள். பேட் மாற்ற வேண்டுமென்றால், அது தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்றும் சொன்னார்கள்.

வண்டியைக் கட்டி இழுப்பதற்கு முன்பே, ஊரில் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் ஓட்டுநர் போனில் பேசியிருந்தார். அவர் சொன்ன யோசனை இந்தக் கதையில் முக்கியமானது.

"தம்பி, எங்கிட்டக் கொண்டுவராத. நான் ஒரு நட்டக் கழட்டினாலும், வெளியில பிரிச்சதால வாரண்டி இல்லைம்பாங்க. அங்கயே பிரிக்கச் சொல்லு, நீ பக்கத்துலயே நில்லு. முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் சேர்த்து நாலு பேடு இருக்கும். நாலையும் கழட்டி வரிசையா வெச்சுப் பாரு. நாலும் ஒரே அளவு தேஞ்சிருந்தா ஓட்டுனது காரணமா இருக்கலாம். ஒண்ணு மட்டும் தேஞ்சிருந்தா வண்டியிலதான் கோளாறு."

அப்படியே வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். வலது சக்கரத்தின் இரண்டு பேடுகளும் ஏறக்குறைய ஒரே கனத்தில், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தன. இடது சக்கரத்தின் வெளிப்பக்கப் பேட் அதைவிடக் கனமாக இருந்தது. அதே சக்கரத்தின் உள்பக்கப் பேடோ, இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. ஓட்டுநர் நான்கையும் ஸ்கேல் வைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

இதற்குக் காரணம் கேலிப்பரில் இருந்தது. டிஸ்க்கின் இரு பக்கமும் பேடை அழுத்திப் பிடிக்கும் கவ்விதான் கேலிப்பர். இந்த வகை வண்டிகளில் அது இரண்டு பின்கள் மேல் முன்னும் பின்னும் நகரும். அந்தப் பின்கள் கிரீஸ் இல்லாமல் காய்ந்தோ, துருப்பிடித்தோ இறுகிவிட்டால் கேலிப்பர் நகராது. அப்போது பிஸ்டன் இருக்கும் உள்பக்கப் பேட் மட்டுமே எல்லா வேலையையும் செய்யும். காலை எடுத்த பிறகும் முழுவதும் விலகாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மலை இறக்கத்தில் மிதிக்காத நேரத்திலும் அந்தச் சக்கரம் சூடாகிக்கொண்டே போகும். பத்தே மாத ஆயிலும் கொதித்ததற்கு அதுதான் காரணம்.

முன்பே வந்த மூன்று அறிகுறிகள்

யோசித்துப் பார்த்தபோது, வண்டி பல வாரங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தது அவர்களுக்குப் புரிந்தது. சமதளத்தில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. 'அலைன்மென்ட் பார்க்கணும்' என்று தள்ளிப்போட்டார். இடது முன் சக்கரத்தில் மட்டும் கறுப்புத் தூள் அதிகம் படிந்தது. கழுவிவிட்டார். மூன்றாவது அறிகுறி, மனைவியின் கணக்கு நோட்டில் இருந்தது.

ப்ளஸ் டூ வரை படித்த அவர், வண்டி வந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவருகிறார். தேதி, எங்கிருந்து எங்கே, என்ன லோடு, எத்தனை கிலோ, வாடகை, டீசல், கிலோமீட்டர். மண்டியில் கொடுக்கும் எடைச் சீட்டைப் பக்கத்திலேயே பின் அடித்து வைப்பார். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி, கடைசி இரண்டு மாதத்தில் 11-க்கு வந்திருந்தது. ஒரு சக்கரம் பிரேக்கில் உரசிக்கொண்டே ஓடினால் டீசல் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும்.

அந்த நோட்டுதான் சர்வீஸ் சென்டரில் பேசியது. 'ஓவர்லோடு' என்ற பேச்சு வந்ததும் அவர் எடைச் சீட்டுகளைக் காட்டினார். ஒன்றரை டன் அனுமதி உள்ள வண்டியில், சம்பவம் நடந்த அன்று ஏற்றியது 1,420 கிலோ. அதற்கு முந்தைய மூன்று மாதச் சீட்டுகளிலும் அனுமதியைத் தாண்டிய எடை ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றிலும் அவர் பிடிவாதமாக நின்றார். ஜாப் கார்டில் 'பிரேக் செக்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். "என்ன நடந்துச்சோ அத எழுதுங்க சார். 'மலை இறக்கத்துல பிரேக் பெடல் அடி வரைக்கும் போச்சு, இடது முன் சக்கரத்துல புகை வந்துச்சு'ன்னு எழுதினாத்தான் கையெழுத்துப் போடுவாரு" என்றார். கொஞ்சம் முகச்சுளிப்புக்குப் பிறகு எழுதிக் கொடுத்தார்கள்.

"கமர்ஷியல் வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது" - உண்மையா?

பேச்சு நீண்டபோது வந்த அடுத்த பதில் இது. மஞ்சள் போர்டு வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்றார்கள். பல பிக்கப், ஆட்டோ, டாக்ஸி உரிமையாளர்கள் இந்த ஒரு வார்த்தையிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால், அதே சட்டத்தின் 2(7)-வது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து, பிழைப்புக்கு வருமானம் ஈட்டுவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள், 'வணிக நோக்க'த்தில் வராது.

பழைய சட்டத்திலும் இருந்த இந்த விளக்கத்துக்கு, லட்சுமி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவு கொடுத்திருக்கிறது. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்குபவரும், தானே ஓட்டுவதற்காக லாரி வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று அந்தத் தீர்ப்பு உதாரணம் காட்டுகிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போய்விடாது என்றும் சொல்கிறது. மச்சினனைத் துணைக்கு வைத்து, தானே ஓட்டும் இந்தப் பிக்கப் உரிமையாளர் அந்த உதாரணத்துக்கு அப்படியே பொருந்துகிறார். நான்கைந்து வண்டி வாங்கி, சம்பளத்துக்கு ஆள் போட்டு ஓட்டுபவர்களின் நிலை வேறு; அவர்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது.

நடைமுறையில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை:

- பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம்.
- புகார் கட்டணம், 5 லட்சம் வரை எதுவும் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய்.
- பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.
- வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே போடலாம்.
- கோளாறை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும் என்றால், ஆணையமே சோதனைக்கு அனுப்பலாம். அதனால் கழற்றிய பாகமும் படங்களும் முக்கியம்.
- வழக்குக்கு முன்பு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரே மாடல் வண்டியில் பலருக்கும் இதே கோளாறு வந்தால், அதற்கு இன்னொரு வழி உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, கோளாறுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்யும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர்கள், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் புகாரைப் பதியலாம். உங்கள் வண்டி ஏற்கெனவே அப்படித் திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்பதை, சேஸிஸ் எண்ணைச் சொல்லி ஷோரூமில் கேட்டுவைப்பதும் நல்லது.

கிடைத்ததும் கிடைக்காததும்

ஓட்டுநரின் குடும்பம் வழக்குப் போடவில்லை. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, ஜாப் கார்டு, பேட் படங்கள், எடைச் சீட்டுகளின் நகல் எல்லாவற்றையும் இணைத்து, டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினார்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று கடைசியில் ஒரு வரி.

ஒன்பதாவது நாள், நிறுவனத்தின் இன்ஜினீயர் வந்து பார்த்தார். இடது கேலிப்பர், இரண்டு டிஸ்க்குகள், நான்கு பேடுகள், பிரேக் ஆயில் எல்லாம் வாரண்டியிலேயே மாற்றித் தரப்பட்டன. கேலிப்பர் கெட்டதால்தான் பேட் தேய்ந்தது என்பதால், தேய்மானப் பொருள் என்ற வாதம் கைவிடப்பட்டது.

வண்டி நின்ற 11 நாள் வருமானம் திரும்ப வரவில்லை. அந்த மாத டியூவுக்கு மனைவியின் தம்பிதான் கை கொடுத்தார். மண் மேட்டில் உரசிய நசுங்கலை இன்ஷூரன்ஸில் சரிசெய்தார்கள். விபத்தில் ஏற்படும் சேதத்துக்குத்தான் அது வரும்; பாகம் பழுதாவதற்கும் தேய்வதற்கும் வராது என்பதை அப்போதுதான் பாலிசியில் படித்தார்கள்.

எல்லாமே கம்பெனி தவறா?

இல்லை. புது வண்டியில் பிரேக் சீக்கிரம் தேய்வதற்கு ஓட்டும் விதமும் காரணமாகிறது. அனுமதிக்கு மேல் அரை டன் ஏற்றினால், அந்த அரை டன்னின் சூட்டையும் பிரேக்தான் தாங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கினால், இன்ஜின் கொடுக்கும் பிடிப்பு மொத்தமும் போய்விடும். இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் மோசம். பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கு உறிஞ்சு காற்று கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இறக்கம் முழுவதும் பிரேக்கில் கால் வைத்தபடியே வருவதும், விலை குறைந்த போலி பேட் போடுவதும் இதே கணக்கில் சேரும்.

மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம், ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்பது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. எந்த மலையானாலும் இந்தப் பாடம் மாறாது.

பெடல் சொல்லும் சேதி

- பஞ்சுபோல அழுந்தினால்: ஆயிலில் காற்றோ ஆவியோ சேர்ந்திருக்கலாம்.
- மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால்: எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது.
- கல்லுபோல இறுகினால்: பூஸ்டரையும் அதற்கான குழாயையும் பார்க்க வேண்டும்.
- மிதிக்கும்போது கால் அதிர்ந்தால்: டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கலாம்.
- வண்டி ஒரு பக்கம் இழுத்தால்: ஒரு சக்கரத்தின் பிரேக் மட்டும் இறுகியோ வேலை செய்யாமலோ இருக்கலாம்.
- பிரேக் ஆயில் அளவு குறைந்தால்: ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பேட் தேய்ந்திருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால்...

- இன்ஜினை அணைக்காதீர்கள், நியூட்ரலுக்குப் போகாதீர்கள்.
- பெடலை விட்டுவிட்டு வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள்.
- கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.
- ஹேண்ட் பிரேக்கைச் சட்டென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுழலும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள்.
- ஹார்ன், ஹெட்லைட், நான்கு பக்க இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டு மற்றவர்களை எச்சரியுங்கள்.
- வேறு வழியே இல்லையென்றால், பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம், மலைச்சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் உரசி நிறுத்தப் பாருங்கள்.
- நின்றதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். ஆறிய பின் பெடல் சரியானாலும் அந்த வண்டியில் இறங்காதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் மறக்கக் கூடாதவை

- ஜாப் கார்டில் நடந்தது நடந்தபடி எழுதப்பட்ட பிறகே கையெழுத்து. நகலைக் கேட்டு வாங்குங்கள்.
- பிரிக்கும்போது உடன் இருங்கள். வாரண்டியில் மாற்றிய பாகத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்பதால், அதற்கு முன்பே தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். நீங்கள் காசு கொடுத்து மாற்றினால், பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.
- 'பேட் மாத்தியாச்சு' என்பதோடு திருப்தி அடையாதீர்கள். ஏன் தேய்ந்தது என்பதற்கு எழுத்தில் பதில் கேளுங்கள். கேலிப்பர் கோளாறு அப்படியே இருந்தால், புதுப் பேடும் சில மாதத்தில் அதேபோலத் தேயும்.
- குறித்த கிலோமீட்டரில் செய்த சர்வீஸ் ரசீதுகள் ஒன்றுவிடாமல் இருக்கட்டும். ஒன்று விட்டுப்போனாலும் வாரண்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

அந்த பிக்கப் இப்போது மறுபடியும் கேத்தி - மேட்டுப்பாளையம் ஓடுகிறது. மண்டியில் வண்டியை நிறுத்தியதும், ஓட்டுநர் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறார். முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றனவா, பின்னால் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதுதான் கணக்கு. பிறகு வீட்டுக்குப் போன் செய்கிறார். கணக்கு நோட்டில் வாடகை, டீசலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார் மனைவி. 'நாலு சக்கரமும் சரி' என்ற பதில் வந்த பிறகுதான், அந்த நாளின் வரவு அதில் எழுதப்படுகிறது.